ஆயுத பூஜையன்று எழுதிய பொய்யும் எங்கள் அக்காவும்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு மலர் போட்டு எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று அக்கா மகள் சொன்னாள். முதல் கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். எனக்கு ஏசி பழுது பார்க்கத் தெரியும், கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. அதோடு, மறைந்தவரின் பெருமையை எழுதுவதுதான் வழக்கம். அக்காவின் பெருமையை எழுத உட்கார்ந்தால் என் சிறுமையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை விட்டுவிட்டு எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். விட்டுவிட்டு எழுதினால் அம்மாவுக்குப் பிடிக்காது என்றாள். உண்மைதான். விட்டுப்போனது எது என்று பார்ப்பதுதான் அக்காவுடைய உத்தியோகமே.

அக்கா பிறந்தது சைதாப்பேட்டையில், மார்க்கெட்டுக்குப் பின்னால், ஆறு குடித்தனங்கள் ஒரே குழாயைப் பங்கு போட்டுக்கொண்ட ஒரு வீட்டில். அடையாற்றில் வெள்ளம் வந்தால் எங்கள் வாசலுக்குத்தான் முதலில் வரும். ஆறு வருடம் கழித்து நான் பிறந்தேன். எனக்குப் பெயர் வைத்தது, பள்ளியில் சேர்த்தது, வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தது, கணக்கில் கோட்டை விட்டபோது முதுகில் வைத்தது எல்லாம் அக்காதான். நேரில் கடைசி வரைக்கும் நான் அவரை ‘நீ, வா, போ’ என்றுதான் பேசினேன். எழுதும்போதுதான் இந்த மரியாதையெல்லாம் வருகிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்குக் கிண்டியில் டப்பா மூடி அடிக்கிற ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் வேலை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே போன விரல்கள் அவை. அந்த மெஷினை எப்படி ஓட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லையா என்று அக்கா ஒருமுறை கேட்டார். அப்போது அவருக்குப் பத்து வயது இருக்கும். நைனா சிரித்துக்கொண்டே, “எவன்மா சொல்லித் தருவான்? பக்கத்துல இருக்கறவனப் பாத்து நானே கத்துக்கினேன்” என்றார். நைனா அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நானும் பல வருடம் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அக்கா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

நைனாவால் பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியாது. அதனால் லீவு லெட்டர், ரேஷன் கார்டு மனு, ஆஸ்பத்திரிப் படிவம் எல்லாவற்றையும் அக்காவே எழுதினார். போகப் போகத் தெருவே அக்காவைத் தேடி வந்தது. அரசாங்கப் படிவம் என்றால் நானெல்லாம் இன்றைக்கும் இன்னொருவர் கையில் நீட்டிவிடுவேன். அக்கா அதை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை அமைதியாகப் படிப்பார். “எதுக்குக் கேக்கறாங்கன்னு புரிஞ்சா எழுதறது சுளுவுடா” என்பார்.

பத்தாவது முடித்ததும் அக்கா அரசு ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தார். அந்த வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். பொம்பளைப் பிள்ளை அரம் தேய்த்து என்ன செய்யப் போகிறது, டைப்ரைட்டிங் சேர்த்துவிடுங்கள் என்று உறவில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மலரை அவரும் படிப்பார் என்பதால் பெயரைச் சொல்லவில்லை. ஒரு இரும்புத் துண்டைத் தேய்த்துத் தேய்த்து நாலு பக்கமும் மட்டம் பார்த்து அக்கா முதன்முதலாகக் கொண்டுவந்த நாளில், நைனா அதைத் தன் அரை விரல்களால் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தத் துண்டு இப்போதும் அக்காவின் திருவான்மியூர் வீட்டில் பூஜை அலமாரியில் இருக்கிறது.

படித்து முடித்து, பயிற்றுநராகி, பிறகு அக்கா தொழிற்பழகுநர் பயிற்சியைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்கு மாறினார். தொழிற்பழகுநர் என்பது அலுவலகத் தமிழ், வெளியே எல்லாரும் அப்ரண்டிஸ் என்போம். ஐடிஐ முடித்த பிள்ளைகள் ஒரு தொழிற்சாலையிலோ பட்டறையிலோ ஓராண்டு வேலை பழகி, பிறகு தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். சேர்த்துக்கொண்ட முதலாளி உண்மையிலேயே கற்றுக்கொடுக்கிறாரா, இல்லை குறைந்த கூலிக்கு ஒரு ஆள் கிடைத்தான் என்று எடுபிடி வேலை வாங்குகிறாரா என்று பார்க்க ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கென்று படிவங்கள் இருக்கின்றன. அந்தப் படிவங்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் அலையும் அலுவலர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராகத்தான் அக்கா தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார்.

அந்த வேலைக்குப் போன பிறகுதான் திருமணம். மாப்பிள்ளை ரயில்வேயில் குமாஸ்தா. நாங்கள் அவரை மாமா என்போம். மாமாவைப் போல ஒரு பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. அக்கா எந்தப் பட்டறைக்குள் போனாலும் முதலில் முதலாளியிடம் போக மாட்டார். அப்ரண்டிஸ் எங்கே நிற்கிறான் என்று பார்த்து, நேராக அவனிடம் போய், “நேத்து இன்னா கத்துக்கின?” என்று கேட்பார். அவன் முதலாளியின் முகத்தைப் பார்த்தால் அக்காவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். வீட்டிலும் அதே கேள்விதான். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளிடம் கேட்பார், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்த மாமாவிடம்கூடக் கேட்பார். மாமா தினமும் செய்தித்தாளில் ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தயாராக இருப்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் படிப்பில் சுமார். தி. நகரில் ஒரு ஏசி மெக்கானிக்கிடம் ஒட்டிக்கொண்டு, நைனா மாதிரியே பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்துத் தொழில் கற்றேன். பிறகு பாண்டி பஜாருக்குப் பின்பக்கம் சொந்தமாக ஒரு சர்வீஸ் பட்டறை போட்டேன். கை ராசி என்று சொல்ல வேண்டும், தொழில் நன்றாகவே நடந்தது. சட்டப்படி அப்ரண்டிஸ் வைத்துக்கொள் என்று அக்கா சொல்லி, பதிவுக்கான படிவங்களை எப்படி நிரப்புவது என்றும் காட்டினார். அப்படி வந்த முதல் பையன் சாதிக். சைதாப்பேட்டைக்காரன், எங்கள் பழைய தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு.

சாதிக் வந்த நேரம் சித்திரை வெயில். ஊரே ஏசிக்காரனைத் தேடுகிற காலம். அந்தக் காலத்தில் போன் அடிப்பது நின்றால்தான் சாப்பாடு. ஒரு பையனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஏது நேரம்? ஏணியைப் பிடிப்பான், அவுட்டோர் யூனிட்டைக் கழுவுவான், மூன்றாம் மாடிக்குக் கருவிப்பெட்டியைத் தூக்கி வருவான். செம்புக் குழாயை நெருப்பு வைத்து ஒட்டுகிற வேலையைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தான். அவன் கையில் கொடுத்தால் குழாயைப் பொத்தல் போட்டுவிடுவான் என்று நான் கொடுக்கவில்லை. வெயில் போனது, மழை வந்தது, நான் அப்போதும் கொடுக்கவில்லை. பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அப்ரண்டிஸ் தினமும் என்ன வேலை பழகினான் என்று ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும், முதலாளி அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் பையனைத் தேர்வுக்கு அனுப்புவார்கள். மார்கழியில் அதைக் கேட்டு ஆள் வரப்போகிறது என்று தகவல் வந்தபோது எங்கள் பதிவேட்டில் முதல் இரண்டு பக்கம்தான் நிரம்பியிருந்தது.

நான் என்ன செய்தேன் என்பதை இங்கே பச்சையாகவே எழுதிவிடுகிறேன். இரண்டு மதியம் உட்கார்ந்து மிச்சம் அத்தனை மாதத்தையும் நானே எழுதினேன். தினம் தினம் எழுதியது போலத் தெரிய நான்கு பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன். ஒரு பக்கத்தின் மூலையில் டீ கிளாஸை வைத்து வட்டமாகக் கறை பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமைகளைக் கவனமாக விட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சாதிக் நான் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.

ஆய்வுப் பட்டியலில் என் பட்டறையின் பெயரைப் பார்த்ததும் அக்கா தன் மேலதிகாரியிடம் போய், இது என் தம்பியின் இடம், இதை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இது எனக்குத் தெரியாது. அதனால் அக்காவுக்குப் பதிலாக ஒரு இளம் அலுவலர் வந்தார். பதிவேட்டை நிதானமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். சாதிக்கைக் கூப்பிட்டு, இந்தத் தேதியில் செம்புக் குழாய் ஒட்டும் பயிற்சி என்று போட்டிருக்கிறதே, எத்தனை குழாய் ஒட்டினாய் என்று கேட்டார்.

சாதிக் தேதியைப் பார்த்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. “அன்னிக்குப் பூஜை சார். நான் பொரி பொட்டலம் கட்டிக்கினு இருந்தேன்” என்றான்.

அது ஆயுத பூஜை. பட்டறையில் ஸ்பேனர் முதல் கேஸ் சிலிண்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கிவிட்டால், மறுநாள் வரைக்கும் ஒரு கருவியையும் யாரும் தொட மாட்டோம். எங்கள் தொழிலில் ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நடக்கும், அன்றைக்கு நடக்காது. அது தெரியாத பட்டறைக்காரன் சென்னையிலேயே கிடையாது. அப்படிப்பட்ட நாளில் நெருப்பு வைத்துக் குழாய் ஒட்டினோம் என்று நான் எழுதியிருக்கிறேன், அதுவும் பச்சை மசியில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்று திருஷ்டி சுற்றித் தெருவில் உடைத்த பூசணிக்காயையே நான் மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

அதோடு விட்டேனா? அலுவலர் எழுத ஆரம்பித்ததும், நான் யாருடைய தம்பி தெரியுமா என்று அக்காவின் பெயரைச் சொல்லிவிட்டேன். அந்த அலுவலர் கோபப்படவில்லை. கொஞ்சம் சங்கடப்பட்டு, “சார், பொய்யா எழுதின பதிவேட்ட எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே மேடம்தான். மொதல்ல பண்டிகை நாளப் பாருன்னுவாங்க” என்றார்.

அன்று சாயங்காலமே திருவான்மியூருக்குப் போனேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, ஒரு வார்த்தை பேசி அந்த அறிக்கையை நிறுத்து என்று கேட்டேன். பட்டறையின் பதிவே போய்விடும், வெளியே தலைகாட்ட முடியாது என்றேன். அக்கா தலை நிமிராமல் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். நான் முடித்ததும் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“உன் கடைக்கு இன்னா ஆவும்னு இவ்ளோ நேரம் சொன்ன. அந்தப் புள்ளைக்கு இன்னா ஆவும்னு ஒரு வார்த்த சொன்னியாடா? ஒரு வருசம் உன்கிட்ட நின்னுட்டு, ஒண்ணும் தெரியாம, தெரியும்னு ஒரு சர்டிபிகேட்ட வச்சிக்கினு போவான். நாளைக்கு எவன் வூட்டு மாடியிலயோ நெருப்ப கையில புடிச்சிக்கினு நிப்பான். நைனாவ அப்படித்தானடா நிக்க வச்சாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. குற்றம் உள்ள நெஞ்சு குறுகுறுத்தால் சிலர் அடங்குவார்கள், நான் எகிறுகிற ரகம். ஊரான் வீட்டுப் பிள்ளைக்காகக் கூடப் பிறந்தவனைக் கவிழ்க்கிறாயே, நீயெல்லாம் ஒரு அக்காவா என்று கேட்டுவிட்டேன். மாமா காபியோடு வந்து நின்றார். வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அக்கா வாசல் வரை வந்தார். கூப்பிடவில்லை.

சில நாளில் உத்தரவு வந்தது. பதிவேடு ஏற்கப்படவில்லை. சாதிக்கின் பயிற்சி இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்படும். சொல்லித்தராமல் விட்ட வேலை ஒவ்வொன்றையும் சொல்லித்தந்து, அவன் கையால் செய்து காட்டச் செய்ய வேண்டும். நான் மறுத்தால் சாதிக்கை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள், எனக்கு இனி எப்போதும் அப்ரண்டிஸ் கிடையாது. அக்கா எனக்காகவும் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கு எதிராகவும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பொங்கல் வந்தது. கல்யாணம் ஆன முதல் வருடத்திலிருந்து அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோவது நான்தான். அம்மாவும் நைனாவும் போன பிறகு பிறந்த வீடு என்று அக்காவுக்கு இருந்தது நான் ஒருவன்தான். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு புடவை. அந்த வருடம் நான் போகவில்லை. என் மனைவி எனக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் வாங்கிக் கூடத்து மூலையில் சாத்தி வைத்திருந்தாள். எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். மாட்டேன் என்றேன். “உங்க ரோஷம் தீர்ற வரைக்கும் கரும்பு காத்துக்கினு இருக்காது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அக்கா பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு, இலை போடாமல் மதியம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாமா பல வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் நான் என்னவாகியிருப்பேனோ தெரியாது.

சாதிக்கை அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அனுப்பினால் நான் சொல்லித்தர வக்கில்லாதவன் என்று ஆகிவிடும் என்கிற வீம்பில் வைத்துக்கொண்டேன். பாடத்தைத் திட்டிக்கொண்டேதான் ஆரம்பித்தேன். முதல் குழாயைப் பொத்தல் போட்டான். இரண்டாவதையும் போட்டான். ஏழாவதோ எட்டாவதோ, சோப்பு நுரை வைத்துப் பார்த்தபோது ஒரு குமிழ்கூட வரவில்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தனை வருடத் தொழிலில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அப்புறம் ஒரு நாள் அவன் ஒரு கேள்வி கேட்டான். கேஸ் நிரப்புவதற்கு முன்னால் குழாய்க்குள் இருக்கிற காற்றை எதற்குப் பம்ப் வைத்து அவ்வளவு நேரம் இழுக்க வேண்டும்? கொஞ்ச நேரம் இழுத்தால் போதாதா? நான் எப்போதும் கொஞ்ச நேரம்தான் இழுப்பேன். எனக்குச் சொல்லித்தந்தவரும் அப்படித்தான் செய்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாதிக் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று நைனா சிரித்தது ஞாபகம் வந்தது. அவர் சிரிக்கும்போது பாதி விரலால் மீசையைத் தடவுவார். அதுவும் ஞாபகம் வந்தது.

அன்றைக்கே வீட்டுக்குப் போய் மூலையில் இருந்த சீரை எடுத்தேன். தை பாதி போயிருந்தது. கரும்பு வற்றிச் சுருங்கியிருந்தது, மஞ்சள் இலை கருகியிருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு திருவான்மியூர் போனேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். கதவைத் திறந்த அக்காவின் கண்ணைப் பார்த்ததும் கையிலிருந்ததை அப்படியே நீட்டினேன். அக்கா சீரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கரும்பைத் தட்டிப் பார்த்தார். “இன்னாடா, அடுப்பெரிக்க எடுத்தாந்தியா?” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பதற்கு நடுவிலேயே நான் அழுதும்விட்டேன்.

சாப்பிட்ட பிறகு சாதிக்கின் கேள்வியைச் சொன்னேன். அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், “எனக்குத் தெரியாதுடா. நான் ஃபிட்டரு. தெரிஞ்சவங்களக் கேப்போம்” என்றார். அங்கேயே ஐடிஐ பயிற்றுநர் ஒருவருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். குழாய்க்குள் ஈரம் தங்கினால் அது எண்ணெயோடு சேர்ந்து அமிலம் போல ஆகி, கம்ப்ரசரை உள்ளிருந்தே அரித்துவிடும், ஈரம் முழுக்கப் போகத்தான் அவ்வளவு நேரம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். கொட்டிவாக்கத்தில் நான் வேலை செய்த வீடுகளில் சில கம்ப்ரசர்கள் சீக்கிரமே படுத்துக்கொள்ளும். கடற்காற்றுதான் காரணம் என்று அந்த வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், கடல் என்ன செய்யும்?

சாதிக் ஆறு மாதம் முடித்துத் தேர்வு எழுதித் தேறினான். இன்றைக்கு ஒரு பெரிய மருத்துவமனையில் குளிரூட்டும் இயந்திரங்கள் அத்தனையும் அவன் பொறுப்பில் இருக்கின்றன. அவன் தேறிய வருட ஆயுத பூஜைக்கு அக்கா எங்கள் பட்டறைக்கு வந்தார். சந்தனம் வைத்து அடுக்கியிருந்த கருவிகளைப் பார்த்துவிட்டு, ஒன்று குறைகிறதே என்றார். எனக்குப் புரியவில்லை. மேஜையிலிருந்து அப்ரண்டிஸ் பதிவேட்டை எடுத்து, ஸ்பேனருக்கும் பம்புக்கும் நடுவில் வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் பதிவேடும் பூஜையில் உட்காருகிறது. அந்தத் தேதிக்குரிய இடத்தில் ‘வேலை இல்லை, பூஜை’ என்று மறுநாள் எழுதுகிறோம்.

அக்கா ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனால் திரும்பி வரும்போது யாருக்காவது ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். எந்தப் பிள்ளைக்கு எந்தத் தொழிற்பிரிவு சரிவரும், எந்தப் பட்டறையில் உண்மையாகச் சொல்லித்தருவார்கள் என்று கேட்டு வீட்டுக்கே ஆள் வரும். மாமா எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் அக்காவைப் படுத்தியது. டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வருகிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஊசி குத்துகிற செவிலியப் பெண்ணிடம், இந்த வேலையை யாரிடம் எத்தனை மாதம் பழகினாய் என்று விசாரிப்பார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே விவரமாகச் சொல்லும். வலியில் முகம் சுருங்கும்போதுகூட, சொல்லித்தந்தவர் நன்றாகச் சொல்லித்தந்திருக்கிறார் என்று என்னிடம் பாராட்டுவார். கோடையில் அக்காவின் அறையில் ஏசி நின்றுபோனபோது நான் போகும் முன்னால் சாதிக் வந்துவிட்டான். கூடவே தன்னிடம் வேலை பழகுகிற ஒருவனையும் அழைத்து வந்திருந்தான். அக்கா எழுந்து உட்காரக்கூட முடியாத நிலையில் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, “நேத்து இன்னா கத்துக்கின?” என்று கேட்டார். அவன் சாதிக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. கற்றதை நேராகச் சொன்னான். அக்காவுக்கு அன்று முழுக்க நல்ல தெம்பு இருந்தது.

சில வாரங்களில், ஒரு விடியற்காலையில், மாமாவும் மகளும் பக்கத்தில் இருக்க அக்கா போய்விட்டார். பிறந்த வீட்டுக் கோடியாக ஒரு புடவையைப் போர்த்துவது எங்கள் வழக்கம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வாசலில் நுழைந்தபோது, சீர் கொண்டுவராத அந்தப் பொங்கல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. மற்ற எல்லா வருடமும் கொண்டுவந்தேனே என்று மனத்தைத் தேற்றிப் பார்த்தேன். அந்த ஒரு வருடம் ஈடாகவில்லை. அக்கா, என்னை மன்னித்துவிடு. நீ அன்றைக்கே மன்னித்துவிட்டாய் என்பது தெரியும். இருந்தாலும் நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. இங்கே, எல்லார் முன்னிலையிலும் கேட்கிறேன்.

எங்கள் குடும்பம் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைத் தங்கள் தாய்போலப் பார்த்துக்கொண்ட டயாலிசிஸ் பிரிவு மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், அந்த விடியற்காலையில் கதவைத் தட்டும் முன்பே ஓடிவந்த அண்டை வீட்டாருக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த திருவான்மியூர்த் தெருக்காரர்களுக்கும், அக்காவிடம் படித்தோம் என்று எங்கெங்கிருந்தோ வந்து நின்றவர்களுக்கும் நன்றி. அரம் தேய்ப்பதைக் கேலி செய்த உறவினர்தான் சடங்குக்கான அத்தனை ஏற்பாட்டையும் ஓடியாடிச் செய்தார், அவருக்கும் நன்றி. என் பட்டறைக்கு வந்து எனக்கு எதிராக எழுதிய அந்த அலுவலருக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் இப்போது உயர்ந்த பதவியில் இருக்கிறார். அன்று தயவு பார்த்து விட்டிருந்தால் நான் இன்னும் கடற்காற்றைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். சாதிக்குக்கு நான் நன்றி சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். அதனால் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். அக்கா போன மறு வாரம் நான் பட்டறையைத் திறந்தேன். அப்போது எங்களிடம் பழகிக்கொண்டிருந்தவள் கலைவாணி என்கிற பெண். பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இடையில் சில நாள்கள் காலியாக இருந்தன. அவற்றில் என்ன எழுதட்டும் என்று தயங்கிக்கொண்டே கேட்டாள். நடந்ததை எழுது என்றேன். உட்கார்ந்து எழுதிக் கொண்டுவந்தாள். அக்கா போன தேதிக்கு நேராக இப்படி இருந்தது: ‘பட்டறை மூடல். சாரின் அக்கா காலமானார். நான் திருவான்மியூர் வீட்டுக்குப் போய் மாலை வரை இருந்தேன். இன்று எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.’

கடைசி வரியை அடித்துவிடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனேன். அக்காவின் மறைவோடு சேர்ந்து அந்த வரி அங்கே இருக்க வேண்டாம் என்று பட்டது. ஆனால் அது அந்தப் பெண்ணின் பதிவேடு. அவளுடைய நாளை அவள் எழுதியிருக்கிறாள். அடிக்கவில்லை. கீழே, முதலாளிக்கான இடத்தில், கையெழுத்துப் போட்டேன்.